வாத்தியார் சொன்ன கடவுள் கதையில் மதுரை எப்படி வந்தது? (கதையைக் கண்டுபிடிக்க உதவி தேவை)

உவர்மலைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். ஒரு சிறுகதையைத் தேடுகிறேன். பெயர் தெரியாது, எழுதியவர் தெரியாது, புத்தகத்தில் படித்ததும் இல்லை. 90களின் தொடக்கத்தில் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது ரியூசன் வாத்தியார் வாயால் கேட்டது. கரண்ட் இல்லாத நாட்களில் கணக்குக் கொப்பியை மூடச் சொல்லிவிட்டு அரிக்கேன் லாம்பைத் தணித்து வைத்து நாலைந்து பின்னேரமாக இழுத்து இழுத்துச் சொன்னார். இப்போது மகளுக்குச் சொல்லலாம் என்று தொடங்கினால் பாதியில் நிற்கிறேன், அவள் கேட்கிற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

நினைவில் இருப்பது இவ்வளவுதான். திருக்கோணமலை பஸ் ஸ்ராண்டில் ஒரு பிள்ளைவாள் நிற்கிறார், கையில் காசு கொஞ்சம். கடவுள் வயதான ஆள்மாதிரி வந்து கோணேசர் கோயிலுக்கு வழி கேட்கிறார், அதாவது தன் வீட்டுக்கே வழி கேட்கிறார். இவர், மதுரைக்கு வழி வாயிலே என்கிறார். கடவுளோ நான் மதுரைக்குப் போகவில்லை என்கிறார். இந்த இடத்தில் வாங்கிலிருந்து விழுந்து சிரித்தோம். பிறகு இருவரும் ஒரு கடையில் தேத்தண்ணி குடிக்கிறார்கள், கடவுள் பெரிய நோட்டு ஒன்றை நீட்ட கடைக்காரன் கள்வன் என்று பிடித்துவிடுகிறான். பிள்ளைவாள் வீட்டில் ஒரு சின்னப் பெண்பிள்ளை கடவுளின் கழுத்தைக் காட்டி பாலைப்பழம் என்கிறது. கடவுள் மான்தோல் கட்டிக்கொண்டு எங்கோ ஒரு மண்டபத்தில் ஆடி, ஆட்டம் சரியில்லை என்று துரத்தப்படுகிறார். கடைசியில் கோபித்துக்கொண்டு போய்விடுகிறார். நடுவில் சைரன் வேறு ஊதுகிறது.

இது யாருடைய கதை? என் நினைவில் எது பிழை?

சும்மா ஒருத்தன்:
கடவுள் பூமிக்கு இறங்கி வந்து அவதிப்படுகிற கதையெல்லாம் சினிமாவில் ஆயிரம் இருக்கிறதே. ஏதாவது படத்தைப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் வாத்தியார் சொல்லியிருப்பார்.

தமிழ்ரீச்சர்:
படம் இல்லை தம்பி. இரண்டாவது பந்தியிலேயே தெரிந்துவிட்டது. புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’, 1943-இல் கலைமகளில் வந்தது. உங்கள் வாத்தியார் அதைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் ஊரில் இறக்கியிருக்கிறார், அவ்வளவுதான். மூலத்தில் கந்தசாமிப் பிள்ளை நிற்பது சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற மூலையில். கடவுள் வழி கேட்பது திருவல்லிக்கேணிக்கு. திருவல்லிக்கேணி, திருக்கோணமலை, இரண்டையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மாற்ற வேண்டும் என்று ஏன் தோன்றியது என்பது விளங்கும்.

மதுரை என்ற அந்த ஒரு சொல்தான் பிடி. திருக்கோணமலை பஸ் ஸ்ராண்டில் நின்று யார் மதுரையைப் பற்றிப் பேசப்போகிறார்கள்? வாத்தியார் ஊரை மாற்றினார், பஸ்ஸை மாற்றினார், கோயிலை மாற்றினார், ஆனால் வாயால் கேட்டுக் கேட்டே எங்கேயும் போய்விடலாம் என்கிற அந்தப் பழமொழியில் கைவைக்க முடியவில்லை. கண்டிக்கு வழி வாயிலே என்றால் யார் சிரிப்பார்கள்.

உவர்மலைக்காரன்:
ரீச்சர், நம்ப முடியவில்லை. முப்பது வருசமாக இது எங்கள் ஊர்க்கதை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்ராண்ட் பக்கம் போகும்போது அந்த ஆள் எந்தக் கடை வாசலில் நின்றிருப்பார் என்றுகூட ஒரு இடம் மனதில் இருக்கிறது. அப்போ தேத்தண்ணிக்கடை?

தமிழ்ரீச்சர்:
தேத்தண்ணி இல்லை, காப்பி. அங்கேதான் உங்கள் வாத்தியாருக்கு நட்டம். மூலத்தில் கடவுள் ஒரு வாய் குடித்துவிட்டுப் பூரித்துப்போகிறார், கந்தசாமிப் பிள்ளை அதில் சிக்கரி கலந்திருப்பதை உடைத்துச் சொல்லுகிறார். காப்பி மாதிரியே இருக்கும், காப்பி இல்லை. கடவுள் பேரைச் சொல்லி ஊரை ஏமாற்றுகிறவர்களைப்போல என்று ஒரு போடு போடுகிறார், பக்கத்தில் இருப்பவர் திடுக்கிடுகிறார். பிளேன்ரீயில் சிக்கரியை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

நிலாவெளி நண்டு:
பிளேன்ரீக்குச் சீனி போடாமல் கையில் ஒரு துண்டுப் பனங்கட்டியைத் தருவார்களே, அதைக் காட்டிக் கடவுளை ஏமாற்றியிருக்கலாம் 😄

பாலையூற்று அக்கா:
நண்டு, நீ சும்மா இரு. தம்பி உவர்மலை, என் கேள்வி பழத்தைப் பற்றியது. பாலைப்பழம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இருக்கிற ஊரின் பேரிலேயே பாலை இருக்கிறது, ஆதலால் இதை விட முடியாது. பாலைப்பழம் மஞ்சள். கையில் எடுத்தால் பால் ஒட்டும், பத்துப் பழம் தின்றால் இரண்டு உதடும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும், சந்தையில் சுண்டில் அளந்து தருவார்கள். விடம் குடித்த கழுத்து மஞ்சளாகவா இருக்கும்? அது நாவல்பழமாகத்தான் இருக்க வேண்டும். கதையைப் படிக்காமலே சொல்லுகிறேன்.

தமிழ்ரீச்சர்:
அக்கா சொன்னது சரி. நாவல்பழம்தான், கதையில் குழந்தை அதை ‘நவ்வாப் பழம்’ என்கிறது. கன்னங்கரேல் என்று இருக்கிறதே, தின்ன வேண்டும்போல இருக்கிறது என்று கேட்கிறது. வந்திருப்பவர் சிவன் என்று விளக்கிச் சொல்லத் தேவையே இல்லாமல் அந்த ஒரு பழத்தை வைத்துச் சொல்லிவிடுகிறார் பாருங்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால் இன்னொன்றும் இருக்கிறது, இதை உங்கள் வாத்தியார் சொன்னாரோ தெரியாது. எனக்கு என்ன கொண்டுவந்தாய் என்று குழந்தை கேட்க, ‘என்னைத்தான்’ என்கிறார் அப்பா. தினமும் உன்னைத்தானே கொண்டுவருகிறாய், பொரிகடலையாவது கொண்டுவரக் கூடாதா என்கிறது அது. பொரிகடலை உடம்புக்கு ஆகாது, உனக்கு ஒரு தாத்தாவைக் கொண்டுவந்திருக்கிறேன் என்று சமாளிக்கிறார்.

உவர்மலைக்காரன்:
பொரிகடலையை அவர் கச்சான் (நிலக்கடலை) என்று சொன்னார்! இப்போது ஞாபகம் வருகிறது. கோயிலடிக் கச்சான். பத்திரகாளி அம்மன் திருவிழா நேரம் அது, எங்கள் எல்லோருக்கும் வாயூறியது.

அந்த நோட்டு விசயம்? கடைக்காரன் பிடித்துவிடுவான் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

சும்மா ஒருத்தன்:
சரி, சினிமா என்று சொன்னதற்கு மன்னிப்பு. மதுரைத் திட்டம் என்கிற இணைய நூலகத்தில் கதை இருந்தது, நாட்டுடைமை ஆனதால் யாரும் படிக்கலாம், ஒரே இருப்பில் படித்து முடித்தேன். யாரும் யாரையும் பிடிக்கவில்லை. காப்பிப் பில் மூன்றணா. கடவுள் 100 ரூபாய் நோட்டை நீட்டுகிறார். கல்லாவில் இருப்பவன் எரிச்சல்படுகிறான், சில்லறைதான் வேண்டும் என்றால் கேட்டு வாங்கிக்கொண்டு போகலாமே, அதற்கு எதற்கு மூன்றணாவுக்குப் பில் என்கிற மாதிரி. அதாவது, நோட்டை மாற்றுவதற்காகவே காப்பி குடித்தீர்கள் என்கிறான். கள்வன் என்று சொன்னதைவிட இது கேவலம், ஆனால் பொலிஸ் கிலிஸ் ஒன்றும் இல்லை.

நிலாவெளி நண்டு:
ஒரு ரூபாய்க்கு 16 அணா. 100 ரூபாயில் மூன்றணா போனால் மீதி 99 ரூபாய் 13 அணா. கணக்கு வாத்தியார் இந்த இடத்தை விட்டிருக்க மாட்டாரே?

உவர்மலைக்காரன்:
விடவில்லை! சதத்தில் மாற்றச் சொன்னார். இலங்கையில் அணா இல்லை, 1872-இலேயே ரூபாய்க்கு 100 சதம் என்று வந்துவிட்டது, ஆகவே மூன்றணா எத்தனை சதம் என்று பலகையில் எழுதிப்போட்டார். பதினெட்டே முக்கால் சதம். நான் பத்தொன்பது என்று எழுதிக் குட்டு வாங்கினேன். அட, அப்படியென்றால் அவர் அணாவை மறைக்கவே இல்லை. எனக்குக் குட்டு மட்டும் நினைவில் நின்று அணா போய்விட்டிருக்கிறது.

கிண்ணியா வாசகன்:
சைரனைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. கதையில் சைரன் கிடையாது, நான் இரண்டு தரம் படித்திருக்கிறேன். உங்கள் வாத்தியார் 1942 ஏப்ரல் 9-ஆம் திகதி யப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்ட கதையையும் அதே ரியூசன் கொட்டிலில் சொல்லியிருப்பார். அந்தக் காலத்து வாத்திமார் எல்லோரிடமும் அது இருக்கும், எங்களுக்கும் சொன்னார்கள். கதை எழுதப்பட்டதும் அதற்கு அடுத்த வருசம்தான். இரண்டையும் நீங்கள் ஒரே பெட்டியில் போட்டு வைத்திருக்கிறீர்கள்.

உவர்மலைக்காரன்:
இருக்கலாம் நானா (அண்ணா). அப்படியே இருக்கும்.

பாலையூற்று அக்கா:
நானும் இன்றைக்குக் காலையில் சோறு அடுப்பில் கிடக்க உட்கார்ந்து படித்தேன், சோறு குழைந்துபோனது. ரிக்ஷாக்காரனைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே? கூலியை வாங்கிக்கொண்டு, நல்லாயிருக்க வேண்டும் சாமி என்று கடவுளையே வாழ்த்துகிறான். பெரியவருக்கு நீ என்ன ஆசீர்வாதம் பண்ணுவது என்று பிள்ளைவாள் அவனை அதட்ட, கடவுள் தடுக்கிறார், இத்தனை நாளில் காது குளிர இப்படி ஒரு வார்த்தை கேட்டதே இல்லை என்கிறார். எனக்குத் தொண்டை அடைத்தது. அடுத்த வரியிலேயே பிள்ளைவாள், கூலியில் இரண்டணா குறைத்துக் கொடுத்திருந்தால் தெரிந்திருக்கும் என்கிறார். அழ விடமாட்டாராம் இந்த மனுசன்.

நிலாவெளி நண்டு:
ஓட்டோக்காரரிடம் முயன்று பார்த்தேன் அக்கா. 50 ரூபாய் குறைத்ததற்கு வந்த ஆசீர்வாதத்தை இங்கே எழுத முடியாது.

உவர்மலைக்காரன்:
அடுத்தது மான்தோல். இதை நான் லேசில் விட்டுக்கொடுக்க மாட்டேன். மான்தோல் என்றுதான் கேட்டேன்.

தமிழ்ரீச்சர்:
புலித்தோல். சந்தேகமே வேண்டாம். ஒரு திவான் பகதூர் சாஸ்திரியார் முன்னால் கடவுளும் தேவியும் ஆடிக்காட்டுகிறார்கள். கடவுள் நிசப் புலித்தோலைக் கட்டி, நிசப் பாம்புகளைப் போட்டுக்கொண்டு வருகிறார். சாஸ்திரியாருக்கு ஆட்டத்தைவிட உடுப்பில்தான் குறை. பாம்பு என்றால் பாம்பையே பிடித்துக்கொண்டு வருவதா, பாம்பு மாதிரி ஒரு நகை போடலாம், புலித்தோல் மாதிரி ஒரு பட்டு உடுத்தலாம், கலைக்குக் கண்ணழகு வேண்டாமா என்று பாடம் எடுக்கிறார். நேரே பார்வதி பரமேசுவரரே வந்து ஆடினாலும் சாத்திரத்துக்கு ஒத்துவராது என்கிறார். யாரிடம் சொல்லுகிறார் என்று அவருக்குத் தெரியாது. பிறகு, சிறுபிள்ளைகள் நடமாடுகிற இடம், அந்தப் பாம்புகளைக் கூடையில் போட்டு மூடும் என்கிறார். இந்த இடத்தில் மான்தோல் வந்தால் பகிடி பாதியாகக் குறைந்துபோகும், மானுக்கு யார் பயப்படுவார்கள்.

ஆனால் வாத்தியார் ஏன் மாற்றினார் என்பதற்கு எனக்கு ஒரு யோசனை. சிவன் கையில் மான் இருக்கிறது. எங்கள் ஊரிலோ கோட்டைக்குள்ளும் மான், கோயிலுக்குப் போகிற வழியிலும் மான், பஸ் ஸ்ராண்டிலும் மான். கடலைச் சரையைப் பிடுங்கித் தின்கிற மான். புலியைப் பிள்ளைகள் கண்டதில்லை. ஆகவே தெரிந்ததை வைத்துச் சொல்லியிருக்கிறார். காப்பியைத் தேத்தண்ணி ஆக்கினவருக்கு இது பெரிய வேலையா?

சும்மா ஒருத்தன்:
நல்ல விளக்கம். ஏற்றுக்கொள்ளலாம்.

கிண்ணியா வாசகன்:
இப்போது என் பங்குக்கு ஒன்று, நீங்கள் சிரிக்கலாம். இதை முதலில் படித்தபோது எனக்கு 16 வயது. கதையின் கடைசி வரியில் குழந்தை உள்ளே வந்து, தாத்தா ஊருக்குப் போயாச்சா அப்பா என்று கேட்கிறது. எங்கள் வீட்டில் மூத்த சகோதரியைத்தான் தாத்தா என்போம். முழுக் கதையையும் படித்துவந்து அது கிழவர்தான் என்று தெரிந்த பிறகும், அந்த வரிக்கு வந்ததும் என் காதில் விழுந்தது எங்கள் சொல்தான். கடவுளைவிட்டு, போன அந்தத் தேவியைத்தான் பிள்ளை கேட்கிறது என்று நினைத்தேன். கடைசியில் தேவியும் அங்கே இல்லை என்று எழுதியிருக்கிறாரே, பிள்ளையாவது அவளைத் தேடுகிறதே என்று மனசுக்கு நன்றாக இருந்தது. பிறகு ஒரு தமிழ் ஆசிரியர் திருத்தினார். திருத்தின பிறகு அந்த முடிவு எனக்குக் கொஞ்சம் சின்னதாகிவிட்டது, உண்மையைச் சொல்லுகிறேன்.

பாலையூற்று அக்கா:
நான் சிரிக்கவில்லை. உங்கள் வாசிப்பை நான் எடுத்துக்கொள்ளுகிறேன். அவளும்தானே வந்து ஆடி ஏச்சு வாங்கிப் போனாள், அவளை ஒருவரும் கேட்கவில்லை.

உவர்மலைக்காரன்:
முடிவுக்கு வந்துவிட்டோம் என்றால் என் முக்கியமான கேள்வி இதுதான். கடவுள் கோபித்துக்கொண்டு போனாரா? மகள் அதைத்தான் கேட்கிறாள், சாமிக்கு ஏன் கோபம் என்று.

சும்மா ஒருத்தன்:
கோபம்தான் என்று நினைக்கிறேன். உங்களுக்கெல்லாம் எட்டி நின்று வரம் கொடுக்கலாம், கூட இருந்து வாழ முடியாது என்று சொல்லிவிட்டுத்தானே மறைகிறார். சலித்துப்போனவனின் பேச்சு.

தமிழ்ரீச்சர்:
அதற்குப் பிள்ளைவாள் சொன்ன பதிலையும் சேர்த்துப் படியுங்கள். உங்கள் வர்க்கமே அதற்குத்தான் லாயக்கு என்கிறார். சரிக்குச் சரி. அதைக் கேட்கக் கடவுள் அங்கே இல்லை. ஆனால் மேசையில் 25 ரூபாய் கிடக்கிறது.

அந்தக் காசை மறந்தால் கதையே போய்விடும். பிள்ளைவாள் நடத்துகிற பத்திரிகை ‘சித்த வைத்திய தீபிகை’. கடவுளைக் கண்ட உடனே வரம் கேட்காமல் சந்தா கேட்ட ஒரே மனிதர் அவர். ஜீவிய சந்தா 25 ரூபாய். யாருடைய ஜீவியம் என்று கடவுள் கேட்கிறார், உமதும் இல்லை எனதும் இல்லை, பத்திரிகையின் ஜீவியம் என்கிறார் இவர். வீட்டில் தங்குவதற்குப் போட்ட நிபந்தனையும் அதே தினுசுதான், கடவுள் என்று வெளியில் சொல்லிக்கொள்ளக் கூடாது. கடைசியில், ஆட்டமும் தோற்று, பேச்சும் முறிந்த பிறகு அந்தச் சந்தாவை வைத்துவிட்டுப் போகிறார். கோபித்துக்கொண்டு போகிறவன் கடனைத் தீர்த்துவிட்டா போவான்?

சும்மா ஒருத்தன்:
அப்படிப் போகிறவர்களும் உண்டு ரீச்சர். முகத்தில் எறிந்துவிட்டுப் போவது என்று ஒன்று இருக்கிறதல்லவா. இனி உனக்கும் எனக்கும் கணக்கு இல்லை என்று.

தமிழ்ரீச்சர்:
கணக்கு முடியவில்லையே. ஜீவிய சந்தா அல்லவா, பத்திரிகை உள்ளவரைக்கும் அனுப்ப வேண்டும். பிள்ளைவாளும் அழவில்லை, கும்பிடவில்லை, பேரேட்டை எடுத்து ‘கைலாசபுரம் பழைய பரமசிவம் பிள்ளை’ என்று வரவு எழுதுகிறார். விலாசம் உட்பட. இதழை எந்தத் தபாலில் போடுவார் என்று நான் ஒவ்வொரு வருசமும் பிள்ளைகளிடம் கேட்பேன்.

சும்மா ஒருத்தன்:
நான் இன்னும் கோபம் என்றுதான் சொல்லுவேன். ஆனால் கோபத்தோடும் சந்தா கட்டலாம் என்று ஒத்துக்கொள்ளுகிறேன்.

உவர்மலைக்காரன்:
நாலு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்க வேண்டும். கதையைப் படித்தேன், மகளுக்கும் வாசித்துக் காட்டினேன். அவளுக்குப் பிடித்தது தொடக்கம்தான், ட்ராமில் போனால் மிஞ்சுகிற காலணாவுக்கு வெற்றிலை, பஸ்ஸில் கண்டக்டரைச் சென்ட்ரல் தாண்டும்வரை ஏய்த்தால் அரைக் கோப்பைக் காப்பி என்று பிள்ளைவாள் போடுகிற கணக்கு. ட்ராம் என்றால் என்ன என்று கேட்டாள், கொழும்பில் 1960 வரை ஓடியதைச் சொன்னேன்.

சொல்ல வந்தது வேறு. வாத்தியார் இருக்கிறார்! எண்பது தாண்டிவிட்டது, கண் மங்கல், காது நன்றாகக் கேட்கிறது. நேற்றுப் பின்னேரம் போனேன். ரீச்சர் சொன்னதை எல்லாம் வரிசையாகக் கேட்டேன். ஊரை மாற்றினீர்களா சேர்? ஓம். காப்பியைத் தேத்தண்ணி ஆக்கினீர்களா? ஓம், உங்களுக்குக் காப்பி என்றால் மல்லி போட்டு இடிக்கிற சாமான், சிக்கரியை விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போயிருக்கும். மதுரையை ஏன் விட்டீர்கள்? அது தானாக நின்றது. சைரன்? அவர் சிரித்தார், அது வேறு நாள் பாடம் என்றார்.

புலித்தோலை ஏன் மான்தோல் ஆக்கினீர்கள் என்று கேட்டேன்.

நான் எங்கே ஆக்கினேன், புலித்தோல் என்றுதான் சொன்னேன், என்றார். கொட்டிலுக்குப் பின்னால் நாங்கள் தின்றுவிட்டுப் போட்ட வாழைப்பழத் தோலுக்கு ஒரு மான் வந்து நிற்குமாம், நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேனாம். கதையில் பாதியை நீ கேட்கவே இல்லை, என்றார்.

தமிழ்ரீச்சர்:
என் ஆராய்ச்சி அவ்வளவும் போனது 😂 சிவன் கையில் மான் வேறு என்று எழுதினேனே.

பாலையூற்று அக்கா:
பாலைப்பழத்தையும் கேட்டிருக்க வேண்டும் தம்பி.

உவர்மலைக்காரன்:
கேட்டேன் அக்கா. முழுசாகச் சொல்ல விடவில்லை. எழும்பி வெளிக்கிடும்போது, எல்லாம் சரி, ஆவணி மாதக் காசு நீ இன்னும் தரவில்லை, என்றார். நான் விளங்காமல் நின்றேன். எட்டாம் வகுப்பு ஆவணி மாத ரியூசன் காசு. எவ்வளவு சேர் என்றேன். 25 ரூபாய் என்றார், முகத்தில் சிரிப்பே இல்லை. உண்மையாகவே அவ்வளவுதானா, கதைக்காகச் சொன்னாரா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. கதிரைக்குப் பக்கத்தில் இருந்த ஸ்ரூலில் வைத்துவிட்டு வந்தேன்.

நிலாவெளி நண்டு:
பேரேட்டில் என்ன விலாசம் எழுதினாராம்?

கிண்ணியா வாசகன்:
மாதச் சந்தாவா, ஜீவிய சந்தாவா என்று கேட்டீர்களா?